நடைபாதையில் மூன்று மஞ்சள் வட்டங்கள்

1

இந்தக் கதை எனக்குத் தண்ணீர் தள்ளும் ஒரு ரப்பர் கட்டையிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் எத்தெல்வினா ஒரு புதன்கிழமை காலை அந்தக் கட்டையைத் தலைகீழாகப் பிடித்தபடி மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். லிஃப்ட் இருந்தும் படியில்தான் வந்தாள்.

"வாத்தியாரே, கண்ணாடி போட்டிருக்கீங்களா? இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க."

ரப்பர் மடிப்புக்குள் மூன்று மஞ்சள் வட்டங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானில் பாதி. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. மூன்றிலும் ஒரே வரி.

"ஒண்ணேதானா?"

"ஒண்ணேதான்."

"மாதாவே," என்று சொல்லிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். (இந்த வாக்கியம் உண்மையில்லை. ஆறாம் பகுதியில் திருத்துகிறேன்.) மற்றதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது, கொஞ்சம் நானே ஊகித்தது.

2

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்தேன்.

"கார்னிவல் ஞாயிறு, வெயில் இன்னும் ஆற்றின் மேல் கிடந்த நேரம், இரினேயோவின் முதுகில் மின்சாரம் ஒரு"

இத்துடன் நிறுத்தினேன். ஒரு மனிதனின் வலிக்கு உவமை தேடிக்கொண்டிருந்தேன். அது பாவம் என்று பட்டது.

"ஆயுதம் ஏந்துகிறவர் அதற்குக் கணக்குச் சொல்லவும் வேண்டும், உயிரைக் கொல்லாத ஆயுதம் என்பதாலேயே அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆகவே"

இதுவும் வேண்டாம். உண்மைதான், ஆனால் நீங்கள் மாத்தே மூலிகைத் தேநீர் போடத் தண்ணீர் வைக்க எழுந்து போய்விடுவீர்கள்.

ஆகையால் கூட்டுவதிலிருந்து தொடங்குகிறேன்.

தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல் திருவிழாவின் திங்கள் காலை ஆறே முக்காலுக்கு எத்தெல்வினா குழாயைத் திறந்தாள். எங்கள் ஊரில் கட்டடம் பார்ப்பவர்களின் மானம் நடைபாதையில் இருக்கிறது. எட்டு மணிக்குள் அது கழுவி, தள்ளி, பளபளக்க வேண்டும். விடுமுறை என்றாலும் அப்படித்தான். எதிர்க் கட்டடக்காரன் அதற்குள் கழுவி முடித்து, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"என்ன எத்தெல், உங்க பக்கம் ஊர்வலம் இன்னும் முடியலபோல?"

"என் பக்கம்தான் ஊர்வலம் நின்னுது. உன் மூஞ்சியப் பாத்ததும் அந்தப் பக்கம் யாரும் நிக்கல."

தரையெல்லாம் வண்ணக் காகிதத் துகள். இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளி, மஞ்சள். பிள்ளைகள் பை பையாக வாங்கி ஒருவர் தலையில் ஒருவர் கொட்டுவது. எல்லாவற்றையும் கூட்டி, நீர் விட்டு, ரப்பர் கட்டையால் சாக்கடை வாய்க்குத் தள்ளினாள். அன்றைக்குப் போல அவள் என்றுமே சுத்தமாகக் கழுவியதில்லை. அவளே சொன்னது.

3

முந்தைய நாள் மாலை அந்த நடைபாதையில் நடந்தது இது.

இரினேயோ எங்கள் முனையில் டயர் பஞ்சர் ஒட்டுகிறவர். பேட்டைக் கார்னிவல் குழுவில் இருபத்திரண்டு வருடமாகப் பெரிய முரசு அவருடையது. அந்த முரசு அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது. ஊர்வலம் கலையும்போது, விளையாட்டுக்குப் பீய்ச்சிய நுரை கண்ணில் பட்டது என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இரினேயோ முரசோடு நடுவில் புகுந்து விலக்கினார். காவலர்கள் ஓடி வந்தார்கள். அவருக்குப் பின்னால், இடப்பக்கமிருந்து ஒரு குரல், "கீழ படு" என்றது. அவர் திரும்பவில்லை. மறுபடி சொன்னது. திரும்பவில்லை.

முதுகில் மின்சாரம் பாய்ந்தது. மார்பில் முரசு கட்டியிருந்ததால் விழும்போது கையை ஊன்ற முடியவில்லை. வலது முழங்கை நொறுங்கியது. இனி முழுதாக நீளாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டயரை நெம்புகிற கை அது.

காவல் நிலையத்து அறிக்கை இரண்டு வரி: குடிபோதையில் தடுக்கி விழுந்தார். மின்துப்பாக்கி எடுத்துக் காட்டப்பட்டது, இயக்கப்படவில்லை.*

* இரினேயோ குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. மகள் பிறந்தபோது மாதாவிடம் செய்த நேர்ச்சை. துப்பாக்கி, தன்னை எப்போது இயக்கினார்கள் என்பதைத் தானே பதிந்துவைக்குமாம். அந்தத் துப்பாக்கி பழுதுபார்க்கப் போயிருக்கிறதாம். எப்போது வரும் என்று கேட்டால், "பழுது பாத்ததும்" என்கிறார்கள்.

4

செவ்வாய்க்கிழமை பிற்பகல், இரினேயோவின் மனைவி சுலேமா எங்கள் வாசலில் மண்டியிட்டுத் தரைக்கல்லின் இடுக்கை ஹேர்ப்பின்னால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடுற? கம்மலா?" என்றாள் எத்தெல்வினா.

"இல்லக்கா. அந்த மஞ்சத் துப்பாக்கி சுட்டா, கூடவே பொடிப்பொடியா வட்டம் இருபது முப்பது சிதறுமாம். ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்குமாம். எந்தப் போலீஸ்காரனுக்குக் குடுத்த தோட்டான்னு அந்த நம்பர வெச்சே கண்டுபிடிச்சிடலாமாம். வக்கீல் சொன்னாரு. ஒண்ணு கிடைச்சாப் போதுமாம்."

எத்தெல்வினா கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்தாள்.

"எப்படி இருக்கும் பாக்க?"

"கார்னிவல் காகிதம் மாதிரியே இருக்குமாம்."

"நான் எல்லாத்தையும் கழுவிட்டேனே சுலேமா."

"தெரியும்க்கா. உங்க நடைபாதையப் பாத்தாலே தெரியுது." கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது எத்தெல்வினாவுக்குத் தைத்தது. "அடுத்த வியாழக்கிழமை நகர மன்றத்துல பொது விசாரணை. இன்னும் நாப்பது துப்பாக்கி வாங்கலாமான்னு ஊர்க்காரங்களக் கேக்கிறாங்களாம். ஒரு தடவகூட தப்பா சுடலன்னு பெரிய அதிகாரி சொல்லப்போறாரு. சாட்சி இல்லன்னா இவரு புகாரையும் அன்னிக்கே மூடிடுவாங்க."

யார் செய்த பிழை இது? அந்த வட்டங்களைத் துப்பாக்கிக்குள் வைத்தவர், எவரோ எனக்குத் தெரியாது, மனிதரை அறிந்தவர். சுட்டவர் இல்லை என்பார் என்று முன்பே யோசித்திருக்கிறார். உலகத்தில் கார்னிவல் கொண்டாடும் ஊர்கள் இருப்பதையும், அங்கே எத்தெல்வினா போன்றவர்கள் காலையில் குழாயைத் திறப்பார்கள் என்பதையும் மட்டும் அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் ரப்பர் கட்டையின் மடிப்பைக் கழுவும்போது அந்த மூன்றும் அகப்பட்டன. அவள் என்னிடம் ஏறி வந்தது அதற்குப் பிறகு.

5

இனி அந்தக் காவலரைக் கொண்டுவர வேண்டும். இந்த இடத்தில்தான் என் பேனா தடுமாறுகிறது. 'கீழ படு' என்றவர் ஏட்டு ஒஹேதா. அவரைக் கெட்டவராக எழுதினால் கதை ஒரே மூச்சில் முடிந்துவிடும். எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தங்கப்பல்கூட வைத்தேன். அவருக்குத் தங்கப்பல் கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஐந்தாம் மாடி அம்மாவுக்கு வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டது. ரோந்துக்கு வந்த ஒஹேதா தொப்பியைக் கழற்றி எத்தெல்வினாவிடம் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவை முதுகில் சுமந்து ஐந்து மாடியும் இறங்கினார். மாலையில் திரும்ப ஏற்றினார். அன்றிலிருந்து தினமும் காலை எத்தெல்வினாவின் முதல் மாத்தே அவளுக்கு, இரண்டாவது அவருக்கு. ஒரே குடுவை, ஒரே குழல்.

(இந்த நற்செயலை நான் கற்பனை செய்தேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கற்பனையாக இருந்திருந்தால் அடித்துவிட்டிருப்பேன்.)

எத்தெல்வினா வட்டங்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு, கீழ்த்தளத்து மாதா சுரூபத்தின் பின்னால் வைத்தாள். மூன்று நாள் செபமாலை சொன்னாள். செபத்தின் நடுவே தீப்பெட்டி நினைவுக்கு வந்தது. செபமாலையின் பத்து மணிகள் கணக்குத் தவறி மறுபடி தொடங்கினாள். ஒருவர் செய்த நல்லதை மறந்தால் நன்றிகெட்டவள். ஒருவர் பட்ட அடியை மறைத்தால் பொய்ச்சாட்சி. இரண்டும் கட்டளையில் இருக்கின்றன என்றாள். எது பெரியது என்று என்னைக் கேட்டாள். நான் நாற்பது வருடம் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவன். எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஒஹேதா வந்தார். அவர்கள் பேசியதை அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

"என்ன தம்பி, ஒரு வாரமா தெருவ மாத்திப் போறியாமே."

"வேலைக்கா."

"மாத்தே ஆறுது. குடி."

குடித்தார். குழல் அடியில் உறிஞ்சும் சத்தம் கேட்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"இரினேயோவுக்கு இடது காது கேக்காது. தெரியுமா உனக்கு?"

"இப்பத் தெரியும்." குடுவையைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "திரும்பவே இல்லக்கா அவரு. இடுப்புல ஏதோ பளபளன்னு இருந்துது. நான் கத்தின்னு நெனச்சேன். முரசுக் குச்சி."

"பயந்துட்ட."

"பயந்துட்டேன். அறிக்கைய சார்ஜென்ட் எழுதினாரு. கையெழுத்துப் போடுன்னாரு."

"போட்ட."

"வீட்டுல ரெண்டு பிள்ளைங்கக்கா."

"அவனுக்கும் ஒண்ணு இருக்கு தம்பி."

எத்தெல்வினா உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்தாள். ஒரு வட்டத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உன்னோடது. மத்த ரெண்டும் வியாழக்கிழமை பத்து மணிக்கு என்னோட வரும். பேசுறவங்க பட்டியல்ல பேரு குடுத்துட்டேன், பதினாலாவது. பதிமூணு பேரு பேசி முடிக்க நேரமாகும். அதுக்குள்ள நீயே வந்து சொல்லிட்டா, நான் எழுந்து, 'எங்க அஞ்சாம் மாடி அம்மாவ முதுகுல தூக்கினது இந்தப் பிள்ளைதான்'னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுவேன்."

"வரலன்னா?"

"வரலன்னாலும் அதச் சொல்லுவேன். இதையும் சொல்லுவேன்."

அவர் அந்த வட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே போய், வாசலில் அவள் வைத்திருந்த தண்ணீர் வாளியைக் காலில் இடறாமல் ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு நடந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எத்தெல்வினா இரண்டு முறை கேட்டாள். பழக்கமாக இருக்கலாம் என்றேன்.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் எத்தெல்வினா தீப்பெட்டியைச் சாக்கடையில் போடுகிறாள். இது நடக்காது. இதை எழுதிய அன்று அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், எனக்கு வெட்கமாகிவிட்டது.

இரண்டாவதில் ஒஹேதா மேடையேறி அழுகிறார், இரினேயோ நல்ல கையால் அவரைத் தொடுகிறார், மன்றமே எழுந்து நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாவது

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோதுதான் முதல் பகுதியில் சொன்ன பொய் குறுக்கே வந்தது. அந்த ஞாயிறு மாலை நான் பால்கனியில் இருந்தேன். துணி எடுக்க வந்தவன். காய்ந்த சுள்ளி எரிவதுபோல் படபடவென்று ஐந்து விநாடி கேட்டது. துப்பாக்கியிலிருந்து இரினேயோவின் முதுகுக்கு ஓடிய இரண்டு மெல்லிய கம்பிகள் வெயிலில் மின்னியதைப் பார்த்தேன். மஞ்சள் துகள்கள் பறந்ததையும் பார்த்தேன். கார்னிவல் காகிதம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, துணியை எடுத்து உள்ளே வந்து, கதவைச் சாத்தினேன்.

வயதாகிவிட்டது, யாருக்கும் தொல்லை வேண்டாம், என்னைவிட நன்றாகப் பார்த்தவர்கள் இருப்பார்கள். காரணங்கள் நிறைய இருந்தன. எத்தெல்வினா ரப்பர் கட்டையோடு வந்தபோதும் எண்ணை மட்டும் படித்துச் சொன்னேன். பிறகு அவளை வைத்து ஒரு கதை எழுதத் தொடங்கினேன். அவள் எனக்குப் பதிலாக அங்கே நிற்கட்டும் என்றுதானா? தெரியவில்லை. இருக்கலாம்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, அவளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் வாத்தியாரே."

"எப்படி?"

"உங்க துணிக்கயித்துல ஒரு கால்சட்ட மட்டும் அப்படியே தொங்கிச்சு. நாலு நாளா. நீங்க அப்புறம் பால்கனிக்கே வரல."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னுதான்." வெங்காயத்தை ஒதுக்கினாள். "பட்டியல் இன்னிக்கு நாலு மணிக்கு மூடுறாங்க. தொப்பி போட்டுக்கிட்டுப் போங்க, வெயில்."

பதினைந்தாவதாக என் பெயரை எழுதினேன். எழுத்து கோணிவிட்டது. எழுத்தரான பெண், "பரவால்ல தாத்தா, படிக்க முடியுது," என்றாள்.

7

வியாழக்கிழமை. நகர மன்றக் கூடம். மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றுகின்றன. இதைக் கூட்டத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அழைப்புத் தாளின் பின்பக்கத்தில்.

முன்வரிசையில் இரினேயோ, கையில் கட்டு. வலது காது மேடைப் பக்கம் வரும்படி சுலேமா அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். பெரிய அதிகாரி பேசி முடித்துவிட்டார். நாற்பத்தாறு தடவை எடுத்தோம், ஒன்பது தடவை இயக்கினோம், ஒன்றில்கூடத் தவறில்லை என்றார். பத்தாவது எத்தெல்வினாவின் கைப்பையில், தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

எத்தெல்வினா என் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் நீல உடை. பையின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். பதினொன்று பேசியாயிற்று. பன்னிரண்டு வரவில்லை. பதிமூன்று தெருவிளக்கைப் பற்றிப் பேசுகிறார். யாரும் அவரை நிறுத்தவில்லை, அதற்கு நான் நன்றி சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் பேசட்டும்.

நடந்ததைச் சொல்வது அன்பா, கொடுமையா? எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் ஒரு வட்டத்தை அவர் கையில் வைத்த விதத்தை நினைத்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வாசல் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஒருவர் மட்டும் நுழையக்கூடியது.

பதினான்கு என்று அழைத்துவிட்டார்கள்.

எத்தெல்வினா எழுந்துவிட்டாள். அதே நேரம் பின்னால் கதவு திறக்கிற சத்தம். யாரோ உள்ளே வந்து நிற்கிறார்கள். அவள் திரும்பவில்லை, திரும்பினால் அழுதுவிடுவேன் என்று வரும் வழியிலேயே சொன்னாள். நானும் திரும்பப் போவதில்லை. அடுத்தது என் முறை, சொல்ல வேண்டியதை மறந்துவிடுவேன்.

நீங்கள் கதவுப் பக்கமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். வந்திருப்பது யார் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒஹேதாவாக இருந்தால் கொஞ்சம் நகர்ந்து வழிவிடுங்கள்.