மாமாவுக்கு முளைத்த முடி

டோப்பாவை இழுத்து நெற்றிக்கு நேராக நிறுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் முதல் வெடி வெடித்தது. திடுக்கிட்டதில் ஜெயபாரதியின் கை நழுவி, டோப்பா காதுப் பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடியைப் பார்த்து மறுபடி சரிசெய்தாள். ஆனி மாத வெயிலில் அதற்குள்ளே வியர்வை ஊறி அரித்தது. விரலை விட்டுச் சொறிந்தால் மறுபடி கோணிக்கொள்ளும். பொறுத்துக்கொண்டாள்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் மாமா படுத்திருந்தார். மாமனார் துரைராசுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு டீ போடும்மா" என்றார். டம்ளரோடு வந்து அவள் கூப்பிட்டபோது பதில் இல்லை. ஒருநாள்கூடப் படுக்கையில் கிடக்காத சாவு. கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. தப்பு மேளமும் வெடியும் வைக்க வேண்டும், யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவரே பலமுறை சொல்லியிருந்தார்.

அவள் புருஷன் தமிழரசன் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். திருச்சியில் இறங்கிவிட்டதாகச் சற்றுமுன் போன் வந்தது. அந்த நேரத்திலிருந்து ஜெயபாரதி கண்ணாடியை விட்டு நகரவில்லை.

மார்பில் கட்டி என்று தெரிந்து ஆபரேஷன் நடந்தபோது அவன் கூடவே இருந்தான். லீவு முடிந்து கிளம்பிய பிறகுதான் கீமோ தொடங்கியது. முடி கொட்டியதும் அதற்குப் பிறகுதான். வீடியோவில் பேசும்போதெல்லாம் டோப்பா வைத்துக்கொள்வாள். இல்லாவிட்டால் தலைக்குக் குளித்தவள் மாதிரி துண்டைச் சுற்றிக்கொள்வாள். வெறும் தலையை அவன் பார்த்ததில்லை. ஊருக்கு நோயே தெரியாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். குடவாசல் பக்கம் அந்தத் தெருவில் இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்கியது அவளுக்கு மட்டும்தான். கோயிலுக்குப் போனால் யாராவது தொட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தெருவில் மொட்டைத் தலையோடு நடப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

தலை இருந்த கோலத்தை அறிந்தவர் மாமா ஒருவர்தான். அதுவும் பார்த்து அறிந்ததில்லை. ஒருநாள் குளியலறையில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கை நிறைய வந்தபோது அவள் வாய்விட்டு அழுதாள். வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, வழுக்கி விழுந்துட்டியா?"

"இல்ல மாமா. முடி கொட்டுது."

"எனக்கு முப்பது வயசுலயே கொட்டிப் போச்சு. உங்க அத்த ஒரு வாரம் சாப்புடல. நான் நல்லாத்தான் சாப்பிட்டேன்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட வருவார். மருந்து ஏறிய பிறகு பஸ்ஸின் டீசல் வாடையே அவளுக்குக் குமட்டும். எதைத் தின்றாலும் இரும்பை நக்கியது போலிருக்கும். வாயெல்லாம் புண். அவர் என்னென்னவோ வாங்கிக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் பஸ் ஸ்டாண்டில் சேமியா ஐஸ் விற்பவரைக் கண்டுபிடித்தார். அது மட்டும் புண்ணுக்கு இதமாக இறங்கியது. மாமனாரும் மருமகளும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருப்பார்கள். உருகி வேட்டியில் ஒழுகினால், "உனக்குத் துணைக்குத்தான் திங்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆச இல்ல" என்பார். அடுத்ததும் அவரே வாங்குவார்.

"பாரதி, சந்திரலேகா வந்துருச்சு, வெளிய வா" என்று பக்கத்து வீட்டுக் கலைமகள் கதவைத் தட்டினாள்.

மாமாவின் மூத்த மகள் சந்திரலேகாவை மன்னார்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு இடம் விட்டார்கள். ஜெயபாரதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சந்திரலேகா குரலெடுத்தாள்.

"என்னப் பெத்த அப்பா... என்ன விட்டுட்டுப் போயிட்டியே அப்பா..."

முன்னும் பின்னும் ஆடினார்கள். மார்பில் அடித்துக்கொள்ள சந்திரலேகா கையை வீசி எடுத்தபோது அவள் வளையலில் டோப்பா மாட்டியது. ஒரே இழுப்பு. கையை உதறியதில் அது பறந்துபோய் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்து, வழுக்கி, நின்றது.

அழுகை அப்படியே நின்றுபோனது. வாசலில் தப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மின்விசிறிக் காற்று வெறும் தலையில் பட்டதைத்தான் ஜெயபாரதி முதலில் உணர்ந்தாள். உடம்பு கூசியது. முந்தானையைத் தேடிக் கை போனது. யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்தாள்.

டோப்பா சரியாக மாமாவின் நெற்றிக்கு மேலே நின்றிருந்தது. கண்ணாடிக்குக் கீழே, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசோடு, பக்கவாட்டில் வகிடெடுத்த கருகருவென்ற முடியோடு, மாமா வெகு அமைதியாகக் கண்மூடிப் படுத்திருந்தார்.

அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது. வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் சிரிப்பு பீறிட்டது. சந்திரலேகா அவளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஆத்தாடி!" என்றாள் கலைமகள். "மாமா மாப்புள கணக்கால்ல இருக்காரு!"

கூடமே சிரித்தது. சந்திரலேகா கண்ணீரும் மூக்குமாகச் சிரித்தாள். "எங்கப்பாவ நான் முடியோட பாத்ததே இல்லடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு டோப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"எங்கிட்டகூட மறைச்சிட்டியே பாரதி. கட்டின்னு சொன்னீங்க, முடி போனதச் சொல்லலியே."

"முடியப் பாத்துதான அண்ணி நீங்க என்னப் பொண்ணு கேட்டு வந்தீங்க."

"அது எந்தக் காலத்துல! இப்ப என் முடியப் பாரு, எலி வாலு."

"என்ன கட்டி?" என்று கலைமகள் கேட்டாள்.

ஜெயபாரதி கலைமகள் பக்கம் திரும்பினாள். "கேன்சரு, அக்கா. மார்ல. ஊசி போயிட்டிருக்கு. எல்லாம் முடிஞ்சா முடி வந்துரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"இதுக்கா வாசப் பக்கமே வராம கெடந்த? எம்மேல கோவம்னு நெனச்சு நானும் பேசாம இருந்துட்டேனே, பாவி!" கலைமகள் அவள் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டாள். பெண்கள் மறுபடி அழத் தொடங்கினார்கள். இந்தமுறை நடுநடுவே யாராவது சிரித்தார்கள்.

டோப்பாவை சந்திரலேகா உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஜெயபாரதி அதைத் திரும்பக் கேட்கவில்லை.

கார் வந்து நின்றது. தமிழரசன் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து அப்பாவின் கால்மாட்டில் விழுந்தான். வெகுநேரம் அழுதான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவளைப் பார்த்தான். முந்தானையை இழுக்கப் போன அவள் கை பாதியில் நின்றது. அவன் கண்கள் அவள் தலையில் தங்கி, முகத்துக்கு இறங்கின.

"வாய்ப்புண்ணு ஆறிருச்சா?" என்றான்.

"ம்."

பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டினார்கள். பெண்கள் கூந்தலை விரித்துப்போட்டுப் பாடையைச் சுற்றி வந்தபோது அவளும் அவர்களோடு சுற்றினாள். தெருக்கோடி வரைக்கும் வெடி வெடித்தது. பெருசுகள்கூடத் தப்புக்கு இரண்டு அடி ஆடிவிட்டுத்தான் நடந்தார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டு ஜெயபாரதி கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, வெயில் தாழ்ந்திருந்தது. ஆற்றில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு தமிழரசன் வந்தான். மொட்டைத் தலை சிவந்து பளபளத்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"உங்களுக்குப் பின்மண்டையில ஒரு பள்ளம் இருக்கு" என்றாள்.

"எங்க?"

விரலால் தொட்டுக் காட்டினாள். அவனும் தடவிப் பார்த்தான். "ஆமா. இத்தன வருசம் எனக்கே தெரியாது."

"நாளைக்கு எரியும். வெயில்ல போனா துண்டப் போட்டுக்குங்க."

"சரி."

அவன் அவள் தலையைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு நல்ல உருண்டை" என்றான்.

அவள் சிரித்தாள். எதிரே வயலில் யாரோ மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். வெடித்துக் கிடந்த மண்ணில் தண்ணீர் சத்தமில்லாமல் பரவி, வரப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.