உட்கார்ந்து பார்த்த நிலம்

தேவாலயக் கூடத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சை இரண்டாம் கடி கடிப்பதற்குள் பக்கத்து வயல்காரன் வென்டல் வந்து லோவெலின் கோட்டைப் பிடித்து இழுத்தான். அப்பாவை அடக்கம் செய்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"டேய், கல்லறை வேலிய ஒட்டி உன் வயல்ல விதைக்கிற மெஷின் எட்டு நிக்குது. சோயா விதையும் ஏத்தியாச்சு. நாளைலேர்ந்து பத்து நாள் மழையாம். நீ ம்னு சொன்னா பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருவோம்."

சாவு விழுந்த வீட்டு வயலை அக்கம்பக்கத்தார் விதைத்துக் கொடுப்பது அயோவாவில் அந்தப் பக்கத்து வழக்கம். லோவெல் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தான்.

ஏப்ரல் இன்னும் முடியவில்லை. ம் சொல்வதற்கென்ன? ஏப்ரல் கடைசியில் விதைத்தால் செடிக்குக் கூடுதல் நாள் கிடைக்கும், கணு கூடும், காய் கூடும், ஏக்கருக்கு நாலு புஷல், அதாவது நூறு கிலோவுக்கு மேல், அதிகம் வரும் என்று பத்தொன்பது வருஷமாக அப்பாவிடம் கத்தியவனே அவன்தான். அப்பா ஆர்வில் அசைந்து கொடுத்ததில்லை. "முளை தலைய நீட்டறப்ப உறைபனி விழட்டும், அப்புறம் கணுவ எண்ணிக்கிட்டு உக்காரு" என்பார். மே பிறந்ததும் வயலின் நடுவுக்குப் போவார், கால்சட்டையை இறக்குவார், வெறும் மண்ணில் உட்கார்ந்து பரமண்டல ஜெபம் சொல்வார். குளிருக்கு அவசரப்படாமல் ஆமென் வரை உட்கார முடிந்தால் விதைப்பு. இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம். மண்ணில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை லோவெல் வாங்கி வந்தபோது, "அதுக்கு என்ன வயசு? என்னோடதுக்கு எழுபத்தெட்டு" என்றார்.

செவ்வாய்க்கிழமை, கட்டிலில் கிடந்தபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே எப்ப வேணா விதை. ஆனா உக்காந்து பாத்துட்டு விதை. சத்தியம் பண்ணு."

பண்ணினான். மறுநாள் அவர் போய்விட்டார்.

அம்மா ஆர்டிஸ் காபியைக் கீழே வைத்தாள். "போடா. கொடுத்த வாக்கு."

"ஊரே அங்க நிக்குதும்மா."

"உன்னை டயப்பர் இல்லாமயே பாத்த ஊருதான். போ."

அந்தச் சமவெளியில் மறைவு என்று ஒரு புதர்கூடக் கிடையாது. லோவெல் கோட்டோடும் டையோடும் வயலின் நடுவுக்கு நடந்தான். அவன் இடுப்பு வாரில் கை வைத்ததும் வென்டல் ஏதோ சொன்னான். எட்டு டிராக்டர்க்காரர்களும் ஒன்றுபோல வடக்கே திரும்பிக்கொண்டார்கள். போதகர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

உட்கார்ந்தான். சில்லென்று உச்சந்தலை வரை ஏறியது. காலையிலேயே தெர்மாமீட்டர் இந்தச் சூடு போதும் என்றிருந்தது. அவன் பின்புறம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கிழவர் சொன்னதுதான் சரியோ என்ற சந்தேகம் ஐம்பத்தொரு வயதில், இந்தக் கோலத்தில்தான் வரவேண்டுமா?

ஜெபத்தைத் தொடங்கினான். அதன் முதல் வரியே தகப்பனைக் கூப்பிடுவது. அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினான். மறுபடியும் அங்கேயே. நாலாம் முறை ஒருவழியாக ஆமென் வந்தபோது மண் சூடாக இருந்தது. யாருடைய சூடு என்று அவன் ஆராயவில்லை.

எழுந்து வாரை மாட்டிக்கொண்டு கையை ஆட்டினான். யாரும் பார்க்கவில்லை. "ஏய்!" என்று கத்த வேண்டியிருந்தது. எட்டு எஞ்சின்களும் உறுமின.

வேலியோரம் அம்மா காத்திருந்தாள்.

"எப்படிடா இருந்துச்சு?"

"சூடாத்தாம்மா இருந்துச்சு."

"ரொம்ப நேரம் உக்காந்திருந்தே. உங்கப்பாவுக்கு இவ்வளவு ஆகாது."

அம்மா அவனைத் திருப்பி நிறுத்தி, கோட்டின் பின்பக்க மண்ணைக் கைக்குட்டையால் தட்டத் தொடங்கினாள்.

வயலில், லோவெல் உட்கார்ந்திருந்த தடம் வந்ததும் வென்டல் மெஷினைச் சற்றுத் தூக்கினான்; தாண்டியதும் இறக்கிக்கொண்டு போனான்.

"வரிசையில ஓட்டை விடறான் பாரு" என்றாள் அம்மா. "உங்கப்பா இருந்தா அவனைக் கிழிச்சிருப்பாரு."

கோட்டில் மண் எப்போதோ போயிருந்தது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.