போன வருடத்திலிருந்து செல்வநாயகி வெளியே வரவில்லை

போன வருடம் முடிந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். என் மனைவி செல்வநாயகி மட்டும் வரவில்லை.

எங்கள் ஊரில் வருடம் என்பது சந்தைக்குப் பின்னால் இருக்கும் நீளமான ஓட்டுக் கட்டடம். பழையதைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் புதியதைத் திறந்துவிடுவார்கள். ஜனவரி முதல் தேதி காலையில் ஜனங்கள் தலையணை, குக்கர், குழந்தைகளோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். நானும் மகள் தேன்மொழியும் எங்கள் சாமான்களை மாற்றினோம். பீரோவைக்கூட மாற்றிவிட்டோம். அதன் பிறகுதான் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பது தெரிந்தது.

வாசலில் வாட்ச்மேன் சென்னியப்பன் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒருத்தர் இருக்காங்க" என்றேன்.

"யாருங்க?"

"என் சம்சாரம்."

"வர்றவங்கன்னா இந்நேரம் வந்திருப்பாங்களே."

"போய்க் கூட்டிட்டு வந்தர்றேன்."

"சீக்கிரம் வந்துருங்க சார். பூட்டிட்டா அது வேற பக்கமாப் போயிரும்."

எது போகும் என்று நான் கேட்கவில்லை.

தேன்மொழி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். கல்லூரிக்குப் போகிற பெண். சின்னக் குழந்தையாக இருந்தபோது அப்படிப் பிடித்தது.

"நீங்களும் உள்ளயே இருந்துக்காதீங்கப்பா" என்றாள்.

"அம்மாவோடதான் வருவேன் கண்ணு."

நான் உள்ளே போனேன்.

போன வருடம் எங்களுக்கு மேடும் பள்ளமுமாக இருந்தது. அதனால் கட்டடத்தின் நடுவே போகும் நடையின் தரையும் மேடும் பள்ளமுமாக இருந்தது. இரண்டு பக்கமும் அறைகள். நான் முதலில் அக்டோபருக்குப் போனேன். செல்வநாயகியைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். அது பெரிய பள்ளம். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். டாக்டர் மின்விசிறியாகிவிட்டிருந்தார். கட்டிலுக்கு மேலே நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

"டாக்டர், செல்வநாயகி எங்கே?"

அவர் வேகத்தைக் குறைத்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

வெளியே போய் நின்றேன். பழக்கம். யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது நெடுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

அங்கிருந்து ஜூனுக்கு ஏறினேன். ஜூன் உயரமான மேடு. அந்த மாதத்தில்தான் செல்வநாயகியின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தோம். அறைக்குள் அந்த ஜூன் மாதத்து நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் ஜிலேபிப் பெட்டி.

"செல்வி எங்கே?" என்று அவனிடம் கேட்டேன்.

"இப்பத்தான் இங்க இருந்தா."

"தேடிப் பாரேன்."

"எதுக்கு? அதான் எல்லாம் சரியாயிருச்சே!"

அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே ஒரு ஜிலேபியை நீட்டினான். வாங்கித் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச்சில் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அன்று வைத்த பாலை யாரும் இறக்கவில்லை. அறைக்குள் முழங்கால் அளவு பால் நின்றது. செல்வநாயகியின் சித்தப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"நல்லாப் பொங்குதுங்க மாப்ளே" என்றார். "இனி உங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

"செல்வியப் பாத்தீங்களா?"

"நல்லாப் பொங்குதுங்க மாப்ளே" என்றார்.

நடைக்கு வந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்தியதும் நடை கொஞ்சம் நீண்டது. புதிதாக ஒரு கதவு முளைத்தது. மறுபடியும் கத்தினேன். இன்னொரு கதவு முளைத்தது. திறந்தால் இரண்டும் காலி அறைகள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பொத்திய பிறகும் உள்ளே அவள் பெயர் வந்துகொண்டே இருந்தது. கதவுகள் முளைத்துக்கொண்டே இருந்தன.

ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே ஓடினேன். ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் ஓர் இடம் வந்தது. அங்கே ஒரு சாதாரணக் கதவு. அந்தக் கதவு எனக்கு ஞாபகமே இல்லை. தள்ளினேன். உள்ளே ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது.

செல்வநாயகி தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உதிர்ந்த முடி திரும்ப முளைத்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்போலக் குட்டையாக இருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

"வருஷம் முடிஞ்சுருச்சு. வா, போலாம்."

"இந்தப் பொரியலுக்கு நறுக்கிட்டு வர்றனுங்க."

"உன்னைய அக்டோபர்லயெல்லாம் தேடினேன்."

"அங்க யாரு இருப்பா?"

"இங்க என்ன பண்ற?"

"இங்க ஒண்ணுமே நடக்கலீங்க" என்றாள். "நல்லா இருக்குது."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சூடாக இருந்தது. பிடித்த கையை விடவில்லை. அவள் ஒரு கையாலேயே நறுக்கினாள். நறுக்க நறுக்க பீன்ஸ் அதிகமாகிக்கொண்டே போனது. தட்டு நிறைந்து தரையெல்லாம் பச்சையாகக் கிடந்தது. வா என்று கெஞ்சினேன். அழுதேன். நறுக்கியதைக் காலால் தள்ளிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. தள்ளியதை மறுபடி கூட்டி அள்ளி வைத்தாள்.

"தேனு வெளிய நிக்கிறா" என்றேன்.

அரிவாள்மனை நின்றது.

"சாப்பிட்டாளா?"

"இல்ல."

"காலைல இருந்தா?"

"ஆமா."

"அதை மொதல்ல சொல்ல வேண்டாமா?" என்று எழுந்தாள். என் பிடியிலிருந்து கையை உருவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எனக்கு முன்னால் அறையைவிட்டு வெளியே போனாள். அவள் வருகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடையில் அவள் வாசலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் தரை சரிந்து இறங்கியது.

"அப்படி இல்ல செல்வி. இந்தப் பக்கம்."

"எனக்கு இப்படித்தானுங்க வழி."

அவள் மெதுவாகத்தான் நடந்தாள். கடைவீதிக்குப் போகிறவள்போல நடந்தாள். நான் ஓடினேன். ஓடியும் நடுவில் இருந்த தூரம் கூடிக்கொண்டே போனது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் எனக்கென்று தனி பிரேக் உண்டு. ஓடும்போதே என் கால் அந்த பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. எதுவும் நிற்கவில்லை.

"செல்வி!"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏனுங்க, கதவத் தொறந்து போட்டுட்டா வந்தீங்க? பூனை வந்துரும். சாத்திட்டு வாங்க."

கல்யாணமான நாள்முதல் அவள் சாத்தச் சொன்ன கதவுகளையெல்லாம் நான் சாத்தி வந்திருக்கிறேன். திரும்பிப் போனேன். செவ்வாய்க்கிழமைக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.

திரும்பினால் நடை சமமாக இருந்தது. குட்டையாகவும் இருந்தது. சரிவைக் காணோம். இரண்டு பக்கமும் வெறும் சுவர். எதிரில் வாசல் தெரிந்தது. சென்னியப்பன் வெயிலில் நின்று கையாட்டினார்.

நான் வெளியே வந்ததும் அவர் பூட்டினார். பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார்.

தேன்மொழி எனக்குப் பின்னால் பார்த்தாள். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா இருந்தாங்களாப்பா?"

"இருந்தா."

"பேசுனாங்களா?"

"நீ சாப்பிட்டியான்னு கேட்டா."

"அப்புறம்?"

"கதவச் சாத்திட்டு வரச் சொன்னா."

"நீங்க சாத்துனீங்களா?"

"சாத்தினேன்."

"ஏம்ப்பா சாத்துனீங்க?"

"பூனை வந்துரும்னா."

"நம்ம வீட்டுப் பக்கம் பூனையே கிடையாதேப்பா" என்றாள். என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "ஏம்ப்பா சாத்துனீங்க? ஏன் சாத்துனீங்க?"

அவள் என்னை விட்டுவிட்டுப் பூட்டிய கதவை அடிக்கத் தொடங்கினாள். நானும் சேர்ந்து அடித்தேன். பக்கத்துக் கட்டடத்தில் யாரோ புது வருடத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

உள்ளே காலடிச் சத்தம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"யாருங்க அது?" என்று செல்வநாயகியின் குரல் கேட்டது.

"அம்மா, நாந்தாம்மா! தொறங்கம்மா!"

முன்பின் தெரியாதவர்களிடம் பேசும்போது அவளுக்கு வருகிற மரியாதைக் குரலில் பதில் வந்தது.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்க. அவரு வெளிய போயிருக்காரு. வந்ததும் வாங்க."

காலடிச் சத்தம் உள்ளே போய்விட்டது.

தேன்மொழி படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே போயிருக்கும் நான் வரட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம்.