ஓட்டம் என்று எழுதினேன்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். இது வேறு பொய். காது அறுவை செய்யும் டாக்டரின் அறையில், என் தங்கைக்கான படிவத்தில், 'விளையாட்டு ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஓட்டம்' என்று எழுதினேன். அவள் மல்யுத்தம் செய்கிறவள்.

அவள்தான் முழங்கையால் இடித்தாள். "அக்கா, ஓட்டம்னு போடு. மல்யுத்தம்னு தெரிஞ்சா, விளையாட்டெல்லாம் முடிச்சுட்டு வாம்மான்னு அனுப்பிடுவாரு." போட்டேன். எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன், இவ்வளவு சுலபமாக எதையும் எழுதியதில்லை.

2.

தொடக்கத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன்.

'சின்ன வயதிலிருந்தே அவள் காதுகள்—' (வேண்டாம். எல்லோரும் அவளிடம் முதலில் பார்த்தது காதைத்தான். நானும் அங்கேயே தொடங்குவதா?)

'பயிற்சிக் கூடத்தில் அவளுக்குக் கைப்பிடி என்று பெயர்.' இது உண்மை. பக்கவாட்டில் நீட்டி நின்ற காதுகளைப் பார்த்து எவளோ வைத்த பெயர், ஏழு வருடம் ஒட்டிக்கொண்டது. மல்யுத்தத்தில் காதைப் பிடித்து இழுப்பது விதிப்படி குற்றம். பெயர் வைப்பது குற்றமில்லை.

மூன்றாவதையும் நான்காவதையும் காட்டமாட்டேன். அவற்றில் நான் நல்லவளாக வந்திருந்தேன்.

3.

அறுவை நல்லபடியாக முடிந்தது. காதுகள் தலையோடு ஒட்டி நிற்பதற்காக, பின்பக்கம் திறந்து, குருத்தெலும்பை மடித்து, உள்ளே தையல் போட்டிருந்தார்கள். தூங்கும்போது தலையில் பட்டி கட்டிக்கொண்டாள். தலை வழியாக மாட்டும் சட்டையெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. ஆறு வாரமும் என் பொத்தான் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

ஆறாம் வாரம் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்: விளையாட்டைத் தொடங்கலாம். ஓட்டக்காரிக்கு அது சரியான சீட்டு. அதைத்தான் கொண்டுபோய் மல்யுத்தம் சொல்லித்தரும் மாஸ்டரிடம் கொடுத்தாள்.

மாஸ்டரின் இரண்டு காதுகளும் அடிபட்டு அடிபட்டு சுருண்டு இறுகியவை. சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாங்கெல்லாம் காதைத் தொலைச்சுட்டு நிக்கறோம். நீ புதுசா வாங்கிட்டு வந்திருக்கே! சரி, காதுக்காப்பு இல்லாம மேட்ல கால் வைக்கக் கூடாது." சீட்டைக் கோப்பில் செருகிக்கொண்டார். அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. இந்த வயதுப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

4.

[இங்கே ஒரு பயங்கரமான பிடி, ஒரு வீழ்ச்சி, ஓர் அலறல் என்று எழுதத்தான் கை துறுதுறுத்தது. நடந்தது அதுவல்ல.]

மேட் என்கிற அந்தத் தடித்த விரிப்பில் மெதுவான பயிற்சிதான். காதுக்காப்பு போட்டிருந்தாள். எதிரில் இருந்தவளும் தலைப்பக்கம் வரவே இல்லை. ஒன்றும் ஆகவில்லை. முடிந்ததும், ஏழு வருடப் பழக்கத்தில், தாடைப் பட்டியை அவிழ்த்து காப்பைப் பின்னாலிருந்து முன்னால் ஒரே இழுப்பாக இழுத்துக் கழற்றினாள். மல்யுத்தக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கழற்றுவார்கள். வலது காது காப்போடு முன்னால் மடங்கியது.

சத்தமே போடாமல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவள் போட்டிருந்த என் வெள்ளைச் சட்டையின் கழுத்தில் ரத்தம் இருந்தது. அப்படியே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

5.

டாக்டர் காதின் பின்னால் விளக்கடித்துப் பார்த்தார். "ஓடும்போது இப்படி ஆகாதே?"

"அவ மல்யுத்தம் செய்யறவ டாக்டர். ஓட்டம்னு எழுதினது நான்."

தங்கை என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "மேல்தோல்தான் கிழிஞ்சிருக்கு. தையல் தாங்கியிருக்கு, இன்னொரு தடவையும் தாங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன். மூணு மாசம் முடியற வரைக்கும் ஆளை ஆள் பிடிக்கற ஆட்டமே வேண்டாம், பயிற்சியிலகூட. ஓடலாம், தனியா உடற்பயிற்சி பண்ணலாம். அப்புறமும் என்கிட்ட காட்டிட்டுத்தான் மேட்டுக்குப் போகணும். காப்பை ரெண்டு கையாலயும் பக்கவாட்டில விரிச்சு, காதை விட்டு விலக்கிட்டுத்தான் எடுக்கணும். காது வீங்கினா அன்னிக்கே வரணும். ரத்தம் கட்டி நின்னுட்டா காது சுருண்டு இறுகிடும்."

புதுச் சீட்டு என் கையில் இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது அவள் சொன்னாள்: "பழைய சீட்டு மாஸ்டர்கிட்ட இருக்கு. அது போதும். இதைக் காட்டாதே."

6.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) சீட்டு பைக்குள் இருக்கிறது. அவள் வெல்கிறாள், காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. (படிக்கச் சுகமாக இருக்கிறது. இதை நம்பி இன்னொருத்தி மேட்டில் இறங்கினால்?)

ஆ) சீட்டு பைக்குள் இருக்கிறது. இரண்டாம் சுற்றில்— (எழுத முடியவில்லை. என் தங்கை.)

இ) நான் மாஸ்டரிடம் சீட்டைக் கொடுக்கிறேன். அவள் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

மூன்றையும் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். "மூணுலயும் நான் வாயே திறக்கலையேக்கா."

"சரி, திற."

காகிதங்களை என் கையிலேயே திணித்தாள். பிறகு சொன்னாள்: "மேட்ல தோத்தா ஆறு நிமிஷத்துல முடிஞ்சுடும். கண்ணாடி முன்னாடி தினமும் தோத்துட்டிருந்தேன். இப்பதான் முடியை இழுத்துக் கட்டிட்டு வெளியில போறேன். அதுவும் வேணும், அணியும் வேணும். ரெண்டும் கேக்கறது பேராசையா?"

"இல்லடி. ரெண்டும் ஒரே மாசத்துல கிடைக்காது, அவ்வளவுதான். நீ காட்டலேன்னா நான் காட்டுவேன்."

"தெரியும்," என்றாள். அழுதாள். நானும் அழுதேன். இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

7.

இன்று தேர்வு. கூடத்தில் வியர்வையும் கிருமிநாசினியும் கலந்த வாடை. மாஸ்டர் மேசை போட்டு, பெயர் கூப்பிட்டு, எடை பார்த்துக்கொண்டிருக்கிறார். "கைப்பிடி!" என்று கூப்பிட்டவர், நாக்கைக் கடித்துக்கொண்டு அவளுடைய நிஜப் பெயரைச் சொல்கிறார்.

தங்கை என் பக்கம் கையை நீட்டுகிறாள். புதுச் சீட்டைக் கொடுத்துவிடுகிறேன். அவள் ஒரு கையில் காதுக்காப்பு, ஒரு கையில் சீட்டு. மேசைக்குப் பத்தடி இருக்கிறது. நடக்கிறாள்.

அடுத்த வரியை நான் எழுதமாட்டேன். அவளுக்காக ஒரு சொல் எழுதியதே போதும். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் அவளைப் பேச விடுங்கள். நான் நோட்டை மூடிவிட்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்கப் போகிறேன். அவள் சீட்டைக் கொடுக்காவிட்டால், வாயைத் திறக்க வேண்டியவள் நான்.