ரிசீவருக்குள் அடைந்த பஞ்சு

சோமனூரில் திருமூர்த்தி வீட்டு டெலிபோன் ரிசீவரைத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசியில் கழற்றியபோது, உள்ளே அடைந்திருந்த பஞ்சு பேசியது. அந்த வாரம் நூல் விலை ஏறியிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டெலிபோனை வீட்டுக்குள் வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. திருமூர்த்தி அதைத் தறிக்குடோனில், ஓடுகிற விசைத்தறிகளுக்கு நடுவில் வைத்தார். வியாபாரி கூப்பிடுகிறார் என்று வீட்டுக்கு ஓடினால் அதற்குள் இழை அறுந்து துணி கெட்டுப்போகும் என்பது அவர் பயம். கல்யாண மேடையைத் தறிக்குப் பக்கத்தில் போடச் சொன்னாலும் சோமனூர்க்காரன் நல்ல யோசனை என்றுதான் சொல்வான். தறி ஓடினால் பஞ்சுத்தூசி பறக்கும். புருவத்திலும் தண்ணீர்ச் சொம்பிலும் படிவது போலவே ரிசீவரின் ஓட்டைகளுக்குள்ளும் போய்ப் படிந்தது. பேசினால் எதிர்ப்பக்கத்துக்குத் தெளிவாகப் போகும். காதில் மட்டும் கரகரவென்று சத்தம். தறியும் மோட்டாரும் எப்படிச் சரியாகுமோ அப்படியே திருமூர்த்தி ரிசீவரையும் தறிச்சட்டத்தில் நாலு தட்டுத் தட்டினார். தட்டத் தட்டப் பஞ்சு நன்றாக இறுகியது.

இதற்கிடையில் அவருடைய ஒரே மகள் லோகப்பிரியா, பீளமேட்டில் பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்த பவன் என்கிற நாயுடு வீட்டுப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இந்த ஊட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று திருமூர்த்தி சொல்லிவிட்டார். சொன்ன ஒரு வாரத்துக்குள் மனசு அடித்துக்கொண்டது, வீம்பு விடவில்லை. மனைவி காளியாத்தாள் அவருக்குச் சோறு போடுவார், பேசமாட்டார். டெலிபோன் அடித்தால் இரண்டு பேரும் ஓடுவார்கள். கரகர. "ஏனுங்க, யாருங்க? ஒண்ணுமே கேக்கலீங்க, வெச்சுருங்க" என்று திருமூர்த்தி மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுவார். பெற்ற மகள் ஒரு போன்கூடப் போடவில்லையே என்று காளியாத்தாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுவார். மாதக்கணக்கில் இப்படிப் போயிற்று.

வியாபாரிகள் சடைத்துக்கொண்ட பிறகுதான் லைன்மேன் ரசாக்குக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் ஒயரை ஆட்டிப் பார்த்தார், பேசுகிற பக்கத்தைக் கழற்றி ஊதினார், கோளாறு அங்கே இல்லை. காதில் வைக்கிற பக்கத்தின் மூடியைத் திருகினால் உள்ளே பஞ்சு அடை அடையாக இருந்தது. இடுக்கியால் மேல் அடையை உரித்தார். அது லோகப்பிரியாவின் குரலில் பேசியது. "அப்பா, நாந்தானுங்க. நாளைக்குச் சாயங்காலம் நாங்க சூரத்துக்கு வண்டியேறறோமுங்க. அவருக்கு அங்க வேலை கெடச்சிருக்குது. ஒவ்வொருவாட்டியும் தெரியாதவங்களக் கேக்கற மாதிரி யாருங்கன்னு கேக்கறீங்க. பரவாயில்லீங்க. கெளம்பறப்ப இன்னொருவாட்டி கூப்பிடறேன். உங்க சத்தத்தையாவது கேட்டுட்டுப் போறேன்."

பேசி முடித்ததும் அது வெறும் பஞ்சாகிவிட்டது. "தறி ஊருகள்ல இப்படி ரெண்டு வார்த்தை தங்கறது உண்டுங்க. இத்தனை நான் பாத்ததில்லீங்க" என்றார் ரசாக். கடைசியாகக் கரகரவென்ற போன் வந்தது நேற்று. அப்படியானால் வண்டி இன்றைக்கு. ரிசீவரோ துண்டு துண்டாக மேசைமேல் கிடந்தது. காளியாத்தாள் மீதிப் பஞ்சை அப்படியே ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டார். ரசாக் ரிசீவரை அவசர அவசரமாகத் திரும்பப் பூட்டினார். திருமூர்த்தி போய் மோட்டாரை நிறுத்தினார். கரண்ட் இருக்கும்போது அந்தக் குடோன் தறிகள் நின்றதே இல்லை. பக்கத்துக் குடோன்காரர்கள் யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மணி அடித்தது. திருமூர்த்தி எடுத்து "அம்மணி" என்றார்.

"அப்பா, கேக்குதுங்களா?"

"கேக்குது கண்ணு. இத்தனை நாளும் கேக்கலை. படி மிதிக்காதேன்னு சொன்னது என் தப்பு. வண்டி திருப்பூர்ல நிக்குமல்லொ? அம்மாளும் நானும் அங்க வாரோம். மாப்பிள்ளைகிட்டச் சொல்லு."

"சோறு கட்டிட்டு வாரமுன்னு சொல்லுங்க" என்றார் காளியாத்தாள். கணவரிடம் அவர் பேசிப் பல மாதமாகியிருந்தது.

திருப்பூரில் வண்டி கொஞ்ச நேரம்தான் நின்றது. ஜன்னல் வழியாகச் சோற்றுப் போசி போயிற்று. திருமூர்த்தி தன் தறியில் நெய்த போர்வைகளை மருமகன் மடியில் வைத்து, சாயம் போகாதுங்க மாப்பிள்ளை என்றார். வண்டி நகர்ந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டே பெட்டியோடு கொஞ்ச தூரம் நடந்தார்.

அதன்பிறகு டெலிபோன் வீட்டுக்குள் வந்துவிட்டது. சூரத்திலிருந்து எப்போதாவது அழைப்பு வரும். மகள் நினைப்பு தாங்காத நாளில் காளியாத்தாள் டப்பாவைத் திறந்து ஒரு அடையை உரிப்பார். மேலே இருந்தது புதுசு, கீழே போகப் போகப் பழசு. பீளமேட்டில் குடித்தனம் வைத்தது, தக்காளிச் சட்டினி கைகூடியது, கோபம், அழுகை எல்லாம் ஒவ்வொன்றாகப் பேசித் தீர்ந்தன. பிறகு கல்யாணத்துக்கு முந்தின பஞ்சு வந்தது. அதில் வியாபாரிகள்தான், துணி எப்போது வரும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். காளியாத்தாள் அதையும் கேட்டார்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு மத்தியானம் டப்பாவில் கடைசி அடை மட்டும் இருந்தது. உரித்தார். லோகப்பிரியா காலேஜில் படித்த காலத்துக் குரல்.

"அம்மா, பஸ்ஸ உட்டுட்டேனுங்க. வர நேரமாகும். நீங்க சாப்பிட்டுருங்க."

"சரி கண்ணு" என்று சொல்லிவிட்டுக் காளியாத்தாள் எழுந்து போய்ச் சாப்பிட்டார்.