அளவெடுத்துத் தைத்த பதவி

ருமேனிய இலக்கியத் துறையில் வேலை விளம்பரம் வந்தால் எங்கள் ஊரில் யாரும் முதலில் தகுதியைப் பார்ப்பதில்லை. யாருக்காக வந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பெயரைப் போடாமல் ஆளைப் போடுவது எங்கள் பேராசிரியர்களுக்குக் கைவந்த கலை.

ஸ்மராண்டா அந்தத் துறையில் பல வருஷமாக மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் நடத்துகிறவள். ஒரு நிரந்தர இடம் வராதா என்று காத்திருந்து கண் பூத்துப்போனவள். கடைசியில் வந்தது. அறிவிப்புப் பலகை முன்னால் நின்று படித்தாள். ருமேனியக் கிராம நாவலை உலகக் கோட்பாடுகளின் வழியே ஆராய்பவர் தேவை. மையம், விளிம்பு பற்றி வெளிநாட்டு இதழில் எழுதியிருக்க வேண்டும்.

அவளுக்கு வயிறு எரிந்தது. கிராம நாவல் அவளுடைய துறை, சரி. பின்னால் ஒட்டிய அந்தக் கோட்பாட்டு வால் யாருக்கு? வேறு யாருக்கு, ஹோரியாவுக்குத்தான்.

ஹோரியா அவளோடு படித்தவன், இப்போது அதே துறையில் ஒப்பந்தத்தில் இருப்பவன். அமெரிக்கா போய்த் திரும்பியதிலிருந்து, காபி இயந்திரம் சில்லறையை விழுங்கினால்கூட விளிம்பை மையம் சுரண்டுகிறது என்பான். போன வாரம் துறைத்தலைவி ஒதிலியா கிரெட்சுவின் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்ததை அவளே பார்த்தாள். இப்போது பலகை முன்னாலும் வந்து நின்றான்.

"அப்ளிகேஷன் போட்றேல்ல? போடு, போடு. இது உனக்குன்னே வந்தது."

என்ன நக்கல் என்று நினைத்தாள். சொன்னதை நம்பாதே, சொல்லாததைத் தேடு என்று மாணவர்களுக்கு ஓயாமல் ஓதுகிறவள் அல்லவா? வகுப்பில் செய்வதையே வாசலிலும் செய்தாள்.

அன்றைக்கே அமைச்சகத்துக்குக் கையெழுத்தில்லாமல் ஒரு புகார் எழுதினாள். இந்த விளம்பரம் ஒரே ஓர் ஆளுக்காகத் தைத்த சட்டை என்று சொன்னாள். தன் மேல் சந்தேகம் வரக்கூடாதே என்று ஹோரியாவின் கோட்பாட்டுப் பாஷையிலேயே எழுதினாள். வேஷமாகத்தான் தொடங்கினாள். கணினியில் தட்டத் தட்ட, இரண்டாம் பக்கத்தில் வாக்கியங்கள் தானாக ஓட ஆரம்பித்தன. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து உத்தரவு வந்தது. பதவி ரத்து. ஒதிலியா அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் காபியும் கசகசா வைத்துச் சுருட்டிய இனிப்பு ரொட்டியும் இருந்தன. ஒதிலியாவுக்கு அழுத முகம்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அது உனக்காகப் போட்ட போஸ்ட்டும்மா. ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி வாங்கினேன்."

"எனக்கா? எனக்கு எங்க மேடம் கோட்பாடெல்லாம்..."

"போன வருஷம் உன் கட்டுரை வெளிநாட்டு இதழ்ல வந்துச்சே. விளம்பரத்துல பாதி வார்த்தை அதுல இருந்து எடுத்ததுதான். ஹோரியாதான் உக்காந்து தேடிக் கொடுத்தான்."

அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. கோட்பாடு இல்லை என்று அந்த இதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. அவசர அவசரமாக மையம், விளிம்பு என்று மேலே பூசி அனுப்பிவிட்டு, கூச்சத்தில் மறுபடி தொட்டே பார்க்கவில்லை. தன் வாக்கியங்களையே அவளுக்கு அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

ஒதிலியா புகாரின் நகலை அவள் பக்கம் தள்ளினார். பக்கத்திலேயே அவளுடைய கட்டுரையும் இருந்தது.

"படிச்சுப் பாரு. நடையை வெச்சு ஆளைச் சொல்ல உன்னை விட்டா யாரு இருக்கா? எனக்கென்னவோ ஹோரியான்னுதான் படுது. கூட இருந்தே குழி பறிச்சிருக்கான். நீயும் அவன்தான்னு சொல்லிட்டா, அவன் ஒப்பந்தத்தை நான் நீட்டிக்கப் போறதில்ல."

ஒரு தலையசைப்பு போதும், அவள் தப்பிவிடலாம். ஸ்மராண்டா படித்தாள். இரண்டாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதுதான் உருப்படியான எழுத்து. பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது. ஹோரியாவை நினைத்து நெஞ்சும் குறுகுறுத்தது. ஆனால் அதையெல்லாம் மீறி வாயில் வந்தது வேறு.

"இது ஹோரியா இல்ல மேடம். அவனுக்கு இவ்வளவு நல்லா எழுத வராது."

ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கத்தியை ஒதிலியா கீழே வைத்தார்.

"அப்ப இவ்வளவு நல்லா எழுத யாருக்கு வரும்?" என்று கேட்டுவிட்டு, கட்டுரையைப் புகாருக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.