ஏலக்காரரின் கணினி

ஏலக்காரர் வாயைத் திறந்தால் ஓட்டை வண்டிகூட மாப்பிள்ளைக் கோலத்தில் தெரியும் என்பார்கள். அந்த வாய் அடைத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. தசைகளை ஒவ்வொன்றாகத் தின்றுவந்த நோய், இமைகளையும் வலது கன்னத்தையும் மட்டும் மிச்சம் வைத்திருந்தது. கன்னத்தருகே ஒரு சின்ன சுவிட்ச். கன்னத்தை அசைத்து எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பார். கட்டிலோரக் கணினி அவற்றை உரக்கப் படிக்கும். மனைவியோடு சண்டை போடுவதும் அதன் வழியாகத்தான்.

அன்று காலை கணினி எழவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ எச்சரிக்கை வரி மட்டும் நின்றது.

ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்யும் தம்பிக்காரன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

“பயப்படாதீங்க அண்ணி. பென் டிரைவ்ல வேற சிஸ்டம் ஏத்தி, அதை வச்சு எழுப்பிப் பாக்கலாம். எழுந்துட்டா உள்ள இருக்கறதை எடுத்துடலாம்.”

“எதையாவது செய்ங்க தம்பி. காலையிலேர்ந்து முறைச்சுக்கிட்டே இருக்கார். தண்ணி கேக்கறாரா, முதுகு வலிக்குதா, ஒண்ணும் புரியல.”

கடைக்குப் போய் அந்த சிஸ்டத்தின் ஃபைலை நெட்டிலிருந்து இறக்கி, பென் டிரைவில் காப்பி செய்து கொண்டுவந்து சொருகினான். அதே கறுப்பு, அதே வரி. அப்படியே காப்பி செய்தால் எழாது, அதற்கென்று இருக்கும் ப்ரோக்ராமால் எழுத வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. திரும்பப் போனான். எவ்வளவு எழுதியாயிற்று என்று காட்டும் பச்சைக் கோடு ஆமையாய் நகர்ந்தது. பதறாத காரியம் சிதறாது என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

கொண்டுவந்து சொருகி, இந்தத் தடவை பொத்தானை அழுத்திப் பிடித்து, பென் டிரைவிலிருந்து துவங்கச் சொன்னான். திரை நீலமாக வெளுத்தது. அம்புக்குறி வந்தது.

“உசிர் வந்துடுச்சுங்க!” அண்ணி கணவரின் முகத்தைத் துடைத்து, தலையைத் திரைப்பக்கம் திருப்பி வைத்தாள்.

அவன் உள்ளே தேடினான். டிஸ்க் பட்டியலில் பென் டிரைவ் மட்டும் இருந்தது. கணினியை அணைத்து, மூடியைக் கழற்றி, வயரைப் பிடுங்கிச் சொருகி மறுபடி எழுப்பினான். பெட்டியில் காதை வைத்தான். டிக், டிக் என்று இரண்டு முறை கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

“அண்ணி… இப்ப ஓடறது பென் டிரைவ்தான். உள்ள இருந்த டிஸ்க் போயிடுச்சு.”

“அவர் பேசற ப்ரோக்ராம்?”

“அதுலதான் இருந்துச்சு.”

“காப்பி எடுத்து வைக்கலையா?”

“அதையும் அதுலயே வச்சிருந்தோம்.”

“புதுசா வாங்கிப் போட முடியாதா?”

அவன் அண்ணனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான். “போடலாம். ஆனா பழசு அவர் கன்னத்துக்குப் பழகியிருந்துச்சு. கன்னம் சோரச் சோர அதையும் கம்பெனிக்காரங்க கொஞ்சம் கொஞ்சமா இளக்கிக்கிட்டே வந்தாங்க. புதுசைப் பழக்க நல்லா அழுத்தணும். இனிமே அவரால அழுத்த முடியுமா?”

அண்ணி கட்டிலில் உட்கார்ந்தாள். “நான் எழுத்து சொல்றேன். வேணுங்கற எழுத்து வந்ததும் கண்ணை மூடுங்க, என்ன?”

க, ங, ச, ஞ என்று தொடங்கினாள். “வ”வில் இமை மூடியது. பிறகு அ, ஆ, இ. “வி”. மறுபடி முதலிலிருந்து. “ட”. அ, ஆ, இ, ஈ, உ.

“விடு,” என்றான் தம்பிக்காரன், தன்னையறியாமல்.

“எதை விடச் சொல்றீங்க?” என்றாள் அவள். “கம்ப்யூட்டரையா?”

இமை அசையவில்லை.

“உங்களையா?” என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்காரன் கணினியை அணைத்துவிட்டு, கழற்றிய திருகாணிகளைத் தரையில் குனிந்து பொறுக்கத் தொடங்கினான்.

“தண்ணி வேணுமா?” என்றாள் அவள்.

அவர் கண்களை மூடினார். ஆமாம் என்கிறாரா, அலுத்துப்போய் மூடினாரா என்று தெரியவில்லை. அவள் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.